ஹட்டனிலிருந்து கோத்தகிரி: திருச்சியா, சென்னையா? சல்லி எப்படிக் கொண்டுபோவது?

டிக்கோயாக்காரி:
மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறிப்போன அத்தை, தமிழ்நாட்டில் நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் இருக்கிறார். அடுத்த மாதம் அம்மாவும் நானும் பார்க்கப் போகிறோம். இரண்டு பேருக்குமே இதுதான் முதல் விமானம். திருச்சிக்கு டிக்கெட் எடுப்பதா, சென்னைக்கா? இலங்கை ரூபாவை அப்படியே கொண்டுபோய் அங்கே மாற்றலாமா? அப்புறம், அத்தை ஒருமுறை வந்தபோது கொடுத்த இந்திய 500 ரூபாத் தாள் நாலு அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. செல்லுமா?

தலவாக்கலை தம்பி:
அக்கா, அந்தத் தாளின் பின்பக்கம் என்ன படம்?

டிக்கோயாக்காரி:
காந்தி முன்னால் நடக்கிறார், பின்னால் ஆட்கள்.

தலவாக்கலை தம்பி:
அப்போ செல்லாது. 2016 நவம்பரில் நிறுத்தியது. இப்போது ஓடும் 500இல் செங்கோட்டை இருக்கும். பழசைப் பத்துத் தாளுக்கு மேல் வைத்திருப்பது அங்கே குற்றம். நாலுதானே, பயமில்லை.

இலங்கை ரூபாவை நம்பிப் போகாதீர்கள். நான் போய் நாலு கடை ஏறி இறங்கினேன். மூன்றில் வேண்டாம் என்றார்கள், நாலாவதில் கொடுத்த விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொழும்பிலேயே அனுமதி பெற்ற இடத்தில் டொலராக மாற்றி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அங்கே டீக்கடையிலும் போனில்தான் கட்டுகிறார்கள். நாம் அதை நம்பிப் போகமுடியாது, சில்லறை நோட்டு கையில் வேண்டும்.

பண்டாரவளை ஆள்:
திருச்சிதான். கொழும்பிலிருந்து ஒரு மணித்தியாலம். அங்கிருந்து கரூர் வழியாகக் கோயம்புத்தூர் பஸ், பிறகு மேட்டுப்பாளையம், அங்கே கோத்தகிரி பஸ். கார் பிடித்தால் நீலகிரிக்கு ஈ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுக்கவேண்டும், அரசு பஸ்ஸுக்குத் தேவையில்லை. வளைவுக்கெல்லாம், ஹட்டனுக்கு ஏறும் கினிகத்தேனைப் பாதையில் போய்வரும் நாம் பயப்படுவோமா!

கினிகத்தேனைப் பாதையில் மழைக்கு மண் சரியும், அதனால் விமானத்துக்கு முதல்நாளே கொழும்புக்கு இறங்கிவிடுங்கள். கொழும்பு கோட்டையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு 187 பஸ்.

விசாவை இந்திய அரசின் தளத்திலேயே எடுங்கள். அதே மாதிரி இருக்கும் ஒரு தளத்தில் கட்டி, கூடுதலாக அழுதவன் நான்.

டிக்கோயாக்காரி:
நன்றி அண்ணா, தம்பி. அத்தை வீட்டில்தான் தங்குகிறோம். பொலிசில் பதியவேண்டும் என்கிறார்களே?

பண்டாரவளை ஆள்:
உங்கள் வேலை இல்லை, வீட்டுக்காரர் வேலை. வெளிநாட்டார் வந்து 24 மணித்தியாலத்துக்குள் அவர்கள் அதற்கான படிவம் (முன்பு சி படிவம் என்றார்கள்) கொடுக்கவேண்டும். இணையத்திலேயே செய்யலாம். சொந்தக்காரர்தானே என்று விட்டுவிடுவார்கள், அத்தையின் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

தலவாக்கலை தம்பி:
சதுர முள்ளுள்ள சார்ஜர் அங்கே ஏறாது, உருண்டை முள் கொண்டுபோங்கள்.

டிக்கோயாக்காரி:
திருச்சிக்கே டிக்கெட் எடுத்தாச்சு. தாள் செல்லாது என்றதும் அம்மாவுக்கு முகமே இல்லை. அத்தைக்குச் சொல்லவேண்டாமாம்.