கேம்பர் போல்ட் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாரோடி:
முன்பக்க இடது டயர். வெளியே இருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, உள்விளிம்பில் கையை விட்டால் கம்பி குத்தியது. அலைன்மென்ட்டில் இடது கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம், டிகிரியில்; மைனஸ் என்றால் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கிறது) -1.8, வலது -0.5. "இந்த வண்டியில் டோ மட்டும்தான் வைக்க முடியும், கேம்பருக்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது" என்றார்கள். (டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்.) அப்புறம் எல்லோரும் செய்வதுதான்: ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) அடிப் பிராக்கெட்டை நக்கிளோடு (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் துண்டு) பூட்டும் இரண்டு போல்ட்டில் மேலே இருப்பதைக் கழற்றிவிட்டு கேம்பர் போல்ட், அதாவது ஒரு பக்கம் மேடு வைத்த மெல்லிய போல்ட்; அதைத் திருப்பினால் சக்கரத்தின் சாய்வு மாறும். திரையில் -0.7, பச்சை.

கொஞ்ச நாளில் ஒரு பள்ளத்தில் இறங்கி 'டக்' என்று ஒரு சத்தம். அன்றிலிருந்து ஸ்டீயரிங் கோணல். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை ஒரே கோடாக இழுத்திருந்த மஞ்சள் பெயின்ட் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தலையில் இருந்த பாதி நன்றாகவே தள்ளிப் போயிருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்துக்கொண்டே ஸ்பேனரை வைத்து ஒரு இழு இழுத்துவிட்டு, "டைட்டாதானே சார் இருக்கு" என்றார். உண்மையிலேயே டைட்டாகத்தான் இருந்தது. டைட்டாக இருக்கும் போல்ட் எப்படித் திரும்பும்? யாராவது சொல்லுங்கள்.

கரும்புகை:
கோணத்தை வைப்பதுதான் அந்த மேட்டின் வேலை. வைத்த கோணம் நகராமல் பிடித்திருப்பது பிராக்கெட்டுக்கும் நக்கிளுக்கும் நடுவே உள்ள இறுக்கம். 14 எம்.எம். போல்ட் இருந்த ஓட்டையில் 12 எம்.எம். போடுகிறோம், அதனால் கிட்டில் சொல்லும் டார்க் (முறுக்கி இறுக்கும் அளவு) பெரும்பாலும் கம்பெனி டார்க்கைவிடக் குறைவாக இருக்கும். பழைய கணக்கிலேயே முறுக்கினால் மெல்லிய போல்ட் இழுபட்டு நீண்டுவிடும். நட் அசையாது, பிடி மட்டும் போயிருக்கும். பிராக்கெட்டின் உள்முகத்தில் துருவோ தடித்த பெயின்ட்டோ இருந்து, அது நசுங்கி அடங்கினாலும் இதே கதைதான்.

எனக்கு நடந்தது வேறு. கிளட்ச் வேலைக்கு சப்ஃபிரேமை (முன்சக்கரங்களின் லோயர் ஆர்ம்களைத் தாங்கும் அடிச்சட்டம்) இறக்கி ஏற்றினார்கள். வண்டி வலப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. இடது -1.7, வலது +0.2. "இரண்டு பக்கமும் கேம்பர் போல்ட் போட்டுவிடலாம்" என்று எடுத்தும் வைத்துவிட்டார்கள். அங்கே இருந்த வயதான ஒருவர் மட்டும் திரையில் யாரும் பார்க்காத ஒரு வரியைக் காட்டினார். எஸ்.ஏ.ஐ. (ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அது உள்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) இடது 14.2, வலது 12.3. இரண்டு பக்கமும் கேம்பரோடு கூட்டிப் பாருங்கள், 12.5தான் வரும். அப்படியென்றால் நக்கிளும் வளையவில்லை, ஸ்ட்ரட்டும் வளையவில்லை, அடியில் இருக்கும் சப்ஃபிரேமே இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டுகளைத் தளர்த்தி, கடப்பாரையால் நெம்பி நகர்த்தினார்கள். இரண்டு பக்க அளவும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்துவிட்டது. எடுத்து வைத்த கேம்பர் போல்ட் பெட்டிக்கே திரும்பியது. அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

மழைநாள்:
தாரோடி சொல்வதை வைத்துக் கேம்பர் போல்ட்டே மோசம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். நான் பல வருடமாக ஓட்டுகிறேன், கோடு அசையவில்லை. ஒரு பக்கம் -1.8, மறுபக்கம் -0.5 என்றால் இடித்த வண்டி அது. வளைந்த நக்கிளைப் போல்ட்டால் மறைத்திருக்கிறார்கள்.

தாரோடி:
இடித்த வண்டி இல்லை. நான் கேட்டதும் அது இல்லை.

பழையவண்டி:
நான் போட்ட அன்று கேம்பரைச் சரிசெய்துவிட்டு டோவைத் தொடாமலே சாவியைக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது ஸ்டீயரிங் கோணலாக இருக்க, வண்டி நேராகப் போனது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங் மூன்றையும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கும் வண்டியில் கேம்பர் வைப்பது வீண் வேலை. ஸ்பிரிங் உட்கார்ந்துபோயிருந்தாலும் கேம்பர் நெகட்டிவ் பக்கம் போகும், அதற்குத் தீர்வு போல்ட் இல்லை. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். ஒயரையும் பிராக்கெட்டிலிருந்து விடுவித்துவிட்டுத்தான் நக்கிளைச் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் முழு எடையும் ஹோஸில் தொங்கும். பழைய போல்ட்டின் கழுத்தில் பல் இருந்தால் போல்ட்டைத் திருப்பாதீர்கள், நட்டை மட்டும் திருப்புங்கள். பூட்டு நட்டுகள் புதுசாகத்தான் இருக்க வேண்டும். இம்பாக்ட் துப்பாக்கி வேண்டவே வேண்டாம்: நட் சுற்றும்போது போல்ட்டும் கூடவே சுற்றி, வைத்த கோணம் போய்விடும். ஒரு ஸ்பேனரால் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கீழ் போல்ட்டுக்குக் கம்பெனி டார்க், மேலே கிட்டின் டார்க், இரண்டையும் குழப்பாதீர்கள். இறக்கியதும் முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளக்க வேண்டும். ஜாக்கிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் சக்கரம் இன்னும் உட்கார்ந்திருக்காது, பொய்க் கணக்கு காட்டும். டோ கடைசியில்தான். கேம்பரை அசைத்தால் டோ கட்டாயம் மாறும், டயரை வேகமாகத் தின்பதும் டோதான். நெகட்டிவ் அதிகம் வைக்கிறவர்கள் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே விரல் போகிறதா என்று பார்க்கவும்.

மழைநாள்:
யாரும் கேட்காத பாடம். ஆனால் இம்பாக்ட் விஷயம் சரி.

சக்கரவியூகம்:
எனக்கு ஒரு இடத்தில் பின்சக்கரத்துக்கே கேம்பர் போல்ட் போடுகிறேன் என்றார்கள். டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும் அமைப்பு) வண்டி அது. டார்ச் அடித்து "எந்த ஓட்டையில் போடுவீர்கள்?" என்று கேட்டேன். அவர் அடியில் குனிந்து வெகுநேரம் தேடினார். அங்கே ஸ்ட்ரட் நக்கிளோடு சேரும் இடமே கிடையாது. ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே சரிவான ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத்தான் அங்கே கோணத்தை மாற்ற முடியும். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "முன்பக்கம் வேண்டுமானால் போட்டுத் தரட்டுமா?" என்றாரே பார்க்கலாம்.

தாரோடி:
கரும்புகை சொன்னதுதான். கழற்றிய போல்ட்டைப் புதுசோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன், பழையதில் நட்டுக்குக் கொஞ்சம் உள்ளே கழுத்து மாதிரி மெலிந்திருக்கிறது. எதில் முறுக்கினார்கள் என்று கேட்டேன், பதிலே இல்லை. வேறு இடத்தில் பிராக்கெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கிட்டில் இருந்த டார்க்கில் இறுக்கி, டோவும் வைத்தாயிற்று. இப்போது -0.8. எஸ்.ஏ.ஐ.யும் பார்க்கச் சொன்னேன், மழைநாள் கவனத்துக்கு: கேம்பர் போல்ட் போடும் முன் இருந்த கேம்பரோடு கூட்டினாலும் இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை வித்தியாசப்படுகிறது. இடது பக்கம் நக்கிளோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கிறது. எனக்கு முன்னால் ஓட்டியவர் கைங்கரியமாக இருக்கலாம்.

மழைநாள்:
நக்கிளை மாற்றிவிட்டு அளவைப் போடுங்கள்.

தாரோடி:
முதலில் ஸ்ட்ரட். அதுதான் கழற்றச் சுலபம்.