ரங்கோலி பார்த்து இந்தி படித்த என் அம்மா

இந்த வார இறுதியில் என்ன பார்த்தீர்கள், யாரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள்? மும்பைத் தமிழர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரலாம்.

செம்பூரிலிருந்து

நாங்கள் பார்த்தது அமேசான் பிரைம் தளத்தில் வந்த ‘சுழல்’ தொடரின் இரண்டாம் பாகம். மொத்தம் 8 பகுதிகள். சனிக்கிழமை இரவு நான்கு, ஞாயிற்றுக்கிழமை நான்கு. 2025 பிப்ரவரி கடைசியிலேயே வெளிவந்த தொடர்தான். அப்போது மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு என்பதால் தள்ளிப்போட்டோம். பிறகு மறந்தே போய்விட்டது. சோபாவில் மூன்று தலைமுறை: என் அம்மா, நான், என் மகள்.

முதலில் தொடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்தில் மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பின்னணியாக வைத்தவர்கள், இதில் காளிபட்டணம் என்ற கற்பனைக் கடற்கரை ஊரில் அஷ்டகாளி விழாவை வைத்திருக்கிறார்கள். திருவிழா வெறும் வண்ணத்துக்காக வரவில்லை. பூட்டிய வீட்டுக்குள் ஒரு கொலை நடக்கிறது. கொன்றது நான்தான் என்று ஒருவரையொருவர் அறியாத எட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். எட்டுக் காளிகள், எட்டுப் பெண்கள். இந்த இணைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. நடிகர் லால் வரும் காட்சிகளில் கண்ணை எடுக்க முடியவில்லை. நடுவில் இரண்டு பகுதிகள் தேவைக்கு மேல் நீண்டுவிட்டன. கடைசியில், அதுவரை கண்ணால் கண்டு புரிந்துகொண்டதையெல்லாம் பாத்திரங்கள் மறுபடி வாயால் விளக்குகிறார்கள். அது வேண்டியதில்லை.

அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வேடம் கட்டியவர்கள் திரையில் வந்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேடம் கட்ட என் பெரிய மாமா பல நாள் விரதம் இருந்ததையும், வேடத்தோடு வீடுவீடாகக் காணிக்கை வாங்கப் போனதையும், விஜயதசமி இரவில் கடற்கரையில் முத்தாரம்மன் சூரனை வதைப்பதைப் பார்க்கக் கூட்டத்தில் தான் அப்பாவின் தோள்மீது உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். தொடரை நிறுத்திவைத்துக் கேட்டோம். இருபது நிமிடம் ஓடிவிட்டது. அந்த இருபது நிமிடம்தான் எனக்கு இந்த வாரத்தின் சிறந்த பகுதி.

இனி என் மனத்தை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. தென்மாவட்டப் பேச்சு வேகமெடுத்தால் கேட்டும் புரியாது. ஆகவே அவள் கண் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளிலேயே இருந்தது. நாங்கள் சிரிப்பதற்கு முன்பே அவள் சிரித்துவிடுவாள், ஏனென்றால் எழுத்து முன்னால் வந்துவிடுகிறது. எந்தத் தொடரானாலும் நான் கவனித்திருக்கிறேன்: மதினி, சித்தப்பா, மைனி, பெரியம்மா எல்லாம் ஆங்கில வரியில் வெறும் பெயராக மாறிவிடும், சில நேரம் இருந்த இடமே தெரியாமல் போய்விடும். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரை எந்த மரியாதையில் அழைக்கிறார்கள் என்பதுதானே நம் கதைகளில் பாதி? அது அவளுக்குப் போய்ச் சேருவதே இல்லை.

ஞாயிறு மாலை வேறொரு தளத்தில் வேறொரு தமிழ்த் தொடரைத் திறந்தேன். மொழிப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். ஒலி: தமிழ். சப்டைட்டில்: ஆங்கிலமும் இன்னும் சில மொழிகளும். தமிழ் இல்லை. தமிழில் எழுதி, தமிழில் நடித்து, தமிழில் பேசிய தொடருக்குத் தமிழ் எழுத்து கிடையாது!

எனக்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்றால், எழுத்துக்கும் தொலைக்காட்சிக்கும் எங்கள் வீட்டில் ஒரு பழைய கதை உண்டு.

அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பேச்சு இரண்டு வருடத்தில் வந்துவிட்டது. காய்காரரும் பக்கத்து வீட்டு மாவ்ஷியும் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்து வரவில்லை. அன்று மும்பை நகரப் பேருந்தான பெஸ்ட் பஸ்ஸின் முன்பலகையில் எண்ணே தேவநாகரியில்தான் இருக்கும். அம்மா நிறுத்தத்தில் நிற்கிற யாரையாவது கேட்டுத்தான் ஏறுவார். பதினெட்டு, பத்தொன்பது வருடம் இப்படியே போனது.

2002-இல் தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’ பாட்டு நிகழ்ச்சியில் ஒரு புதுமை வந்தது. இந்திப் பாட்டுக்கு அடியில் அதே பாட்டின் வரிகள் இந்தியிலேயே ஓடத் தொடங்கின. பாடுகிறவர் எந்தச் சொல்லில் இருக்கிறாரோ அந்தச் சொல் நிறம் மாறும். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலை ‘ரங்கோலி’யிலும் அப்படியே வந்தது. அம்மாவுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம். காது முன்னால் போக, கண் பின்னாலேயே போனது. அவர் முதலில் அடையாளம் கண்ட சொல் ‘தில்’. எல்லாப் பாட்டிலும் வருமே! ஒரு நாள் தாதர் நிலையத்தில் ஒரு ரயில் பெட்டியின் பலகையைக் காட்டி, அதில் ‘தில்’ என்று இருக்கிறது, அப்படியானால் இது தில்லிக்குப் போகிற வண்டியா என்று என்னைக் கேட்டார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நடைமேடையில் அப்படியே நின்றுவிட்டேன். என் அம்மா படிக்கிறார்!

அந்த வரிகள் தற்செயலாக வந்தவை அல்ல என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவற்றுக்குப் பின்னால் இருந்தவர் பிரிஜ் கோத்தாரி. அவர் 1996-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது நண்பர்களோடு ஒரு ஸ்பானியப் படம் பார்த்தார். ஆங்கில வரிகளுக்குப் பதில் ஸ்பானிய வரிகளே இருந்தால் மொழி இன்னும் நன்றாக வருமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அகமதாபாத்துக்கு வந்தார். 1999-இல் குஜராத்தித் திரைப் பாடல்களுக்குக் குஜராத்தி வரிகள் போட்டு அங்கே தூர்தர்ஷனில் ஒளிபரப்பினார்கள். அதன் பிறகுதான் சித்ரஹார். தலையணைக்கு அடியில் அரிச்சுவடி வைத்திருந்தும் வராத எழுத்து என் அம்மாவுக்குப் பாட்டில் வந்தது.

அம்மாவுக்கு இந்தியில் நடந்தது, என் மகளுக்குத் தமிழில் ஏன் நடக்கக் கூடாது? வசனம் கேட்டால் அவளுக்கு முக்கால்வாசி புரிகிறது. அதே வசனம் தமிழ் எழுத்தில் அடியில் ஓடினால் வருடத்துக்கு நூறு மணி நேரமாவது அவள் கண்முன் தமிழ் எழுத்து நிற்கும். தனி வகுப்பு வேண்டாம், கட்டணம் வேண்டாம். தமிழ்த் தொடர் எடுப்பவர்கள் முதலில் தமிழ் வரிகளைத் தரட்டும், ஆங்கிலம் அதன் பிறகு வரட்டும்.

மாட்டுங்காவிலிருந்து

சகோதரி சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. அடியில் எழுத்து ஓடினால், தெரிந்த மொழியானாலும் கண் அங்கேதான் போகிறது. நடிகரின் முகம் போய்விடுகிறது. சென்ற சனிக்கிழமை ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வரிகளோடு பார்த்தேன். ஒரு காட்சியில் தந்தை ஒரு வார்த்தையும் பேசாமல் மகனைப் பார்க்கிறார். அந்தப் பார்வை வரும்போது நான் முந்தைய வசனத்தின் கடைசிச் சொல்லைப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நகர்த்தித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. எந்தத் தமிழில் எழுதுவார்கள்? நெல்லைப் பேச்சைப் புத்தகத் தமிழில் எழுதினால் காதுக்கும் கண்ணுக்கும் பொருந்தாது. பேசுகிறபடியே எழுதினால், புதிதாகப் படிக்கிற பெண் அதைத்தான் சரியான எழுத்து என்று நினைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை விவாத நிகழ்ச்சிக்கு வேண்டுமானால் எழுதலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதால் அங்கே உதவியாகக்கூட இருக்கும். கதைக்கு வேண்டாம்.

தாராவியிலிருந்து

ராமாயணம் 1987 ஜனவரியில் தொடங்கியபோது எங்கள் சந்துக்கு ஒரே பெட்டி. இந்தி பாதிப் பேருக்குத் தெரியாது. கதை தெரிந்த ஒரு பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, அடுத்து வருவதைத் தமிழில் முன்கூட்டியே சொல்லிவிடுவார். யாரும் அவரை அடக்கவில்லை. அந்தக் காலத்தில் ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் மொழிக்கு மொழி முறை வைத்து மாநிலப் படம் போடுவார்கள். தமிழுக்கு முறை வர வாரக்கணக்கில் காத்திருப்போம். வந்த அன்று சீக்கிரமே சமைத்து முடித்துவிடுவார்கள். நமக்கு ஆங்கில வரி தேவையில்லை; ஆனால் எதிர்வீட்டு மராத்திக்காரர் அந்த வரிகளைப் படித்துக்கொண்டே எங்களோடு கண் கலங்கினார். எழுத்தால் முகம் போய்விடும் என்பதை நான் நம்பவில்லை.

டோம்பிவிலியிலிருந்து

என் அப்பாவுக்கு வயது 74. மில்லில் 30 வருடம் தறிச் சத்தத்தில் நின்று காது மந்தமாகிவிட்டது. கருவி வாங்கிக் கொடுத்தோம். தொலைக்காட்சிச் சத்தம் அதில் இரைச்சலாகத்தான் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். மாலையில் வீட்டில் எல்லாரும் தொடர் பார்க்கும்போது அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் காற்று வாங்க என்பார்.

அவர் எழுந்து போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். 2025 நவம்பர் 2, மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானம், எங்களுக்குப் பக்கம்தான், டிக்கெட்தான் கிடைக்கவில்லை. மழையால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாமதம். அப்பா ஈரமான ஆடுகளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தியா 7 விக்கெட்டுக்கு 298. ஷஃபாலி வர்மா 87. அப்புறம் தென் ஆப்பிரிக்காவின் லாரா வோல்வார்ட் நூறைத் தாண்டி நின்றபோது வீட்டில் ஒருவரும் பேசவில்லை. தீப்தி பந்தில் அவர் தூக்கி அடித்ததை அமன்ஜோத் தட்டித் தட்டித் தடுமாறிப் பிடித்தாரே, அந்தக் கணம் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எங்களுக்கு முன்னால் கத்தியது அவர்தான். தீப்தி ஐந்து விக்கெட், 52 ரன் வெற்றி. நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது.

கிரிக்கெட்டில் அவருக்கு எதுவும் குறையவில்லை. ஓட்டம், விக்கெட், மீதிப் பந்து எல்லாம் எழுத்தாகத் திரையிலேயே இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த அத்தனையும் அவருக்கும் தெரியும். தொடரில் மட்டும் அவர் ஏன் வெளியாள் ஆகிறார்? அவர் திருநெல்வேலியில் எட்டாவது வரை படித்தவர், தமிழ்ச் செய்தித்தாளை முதலிலிருந்து கடைசி வரை படிப்பவர், ஆங்கிலம் தெரியாது. காது கேளாதோருக்காகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் எழுத்தோ சைகை மொழியோ தர வேண்டும் என்று ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019-லேயே தரநிலை வெளியிட்டது. எங்கள் வீட்டுப் பெட்டியில் வரும் தமிழ்த் தொடர்களின் அடியில் ஒரு தமிழ் வரியை நான் இன்னும் பார்க்கவில்லை. மாட்டுங்கா அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள்: வேண்டாதவர்கள் எழுத்தை அணைத்துவிடலாம். என் அப்பாவால் மௌனத்தை அணைக்க முடியாது.

மறுபடி செம்பூரிலிருந்து

டோம்பிவிலித் தம்பி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என் சின்ன மாமாவும் மில்லில்தான் வேலை பார்த்தார், அவருக்கும் இதே கதி என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

மாட்டுங்கா அண்ணா, எந்தத் தமிழில் எழுதுவது என்ற உங்கள் கேள்வி சரியான கேள்வி. பேசுகிறபடியே எழுத வேண்டும் என்பது என் எண்ணம். நாவலாசிரியர்கள் உரையாடலை அப்படித்தானே எழுதுகிறார்கள்? அதைப் படித்துத் தமிழைக் கெடுத்துக்கொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. முகம் விஷயத்தில் உங்களுக்குப் பதில் என்னிடம் இல்லை. நானும் அந்த இழப்பை உணர்ந்திருக்கிறேன். ஆனால் என் மகள் இப்போதும் முகத்தை விட்டு ஆங்கிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

காத்திருந்து பயனில்லை என்று அம்மாவே ஒரு வழி செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஒரு பழைய தமிழ்ப் பாட்டின் வரிகளைப் பெரிய எழுத்தில், கோடு போட்ட தாளில் எழுதுகிறார். ஞாயிறு காலை அந்தப் பாட்டைத் தொலைக்காட்சியில் போடுகிறோம். பாட்டு ஓட ஓட, ஆச்சி தாளில் விரலை நகர்த்துகிறார். பேத்தியின் கண் விரலோடு போகிறது. மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் ‘கண்’ மட்டும் பிடிபட்டது. இரண்டாம் வாரம் ‘கண்ணா’, ‘என்’, ‘நீ’. நேற்றுப் பல்லவியை விரல் இல்லாமலே தொடர்ந்தாள், ‘ழ’ வந்த இடத்தில் தடுக்கி, ஆச்சியைப் பார்த்தாள். ஆச்சி பாட்டை நிறுத்தி அந்த வரியை மறுபடி ஓட விட்டார்.

அடுத்த வாரப் பாட்டை அவளே தேர்ந்தெடுக்கப் போகிறாளாம். வேகமான பாட்டாக இருந்தால் தன்னால் எழுதி முடிக்க முடியாது என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.