ஆன்லைன் கிளாஸ்ல "புரியுதா"ன்னு கேட்டா ஒரே அமைதி, நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

கரும்பலகை:
எல்லாருக்கும் வணக்கம். பதினொன்னாம் வகுப்புக்கு பிசிக்ஸ் எடுக்கறேன். 18 வருஷமா போர்டு முன்னாடி நின்னு பழகுனவ, இப்ப ரெண்டு வருஷமா பாதி கிளாஸ் ஆன்லைன்லதான். டேப்லட்ல பேனாவால எழுதறது, ரெக்கார்ட் பண்ணிப் போடறது எல்லாம் கத்துக்கிட்டேன், அதுல கஷ்டம் இல்ல. பசங்க முகம் தெரியலங்கறதுதான் என்னால தாங்க முடியல. நேர்ல நான் புரியுதான்னு வாயத் தொறந்து கேட்டதே கம்மி, மூணாவது பெஞ்ச்ல ஒருத்தன் பேனா மூடியக் கடிக்க ஆரம்பிச்சா எனக்குத் தெரிஞ்சிடும், திரும்ப முதல்ல இருந்து சொல்லுவேன். இப்ப 42 கருப்புக் கட்டம். போன வாரம் முழு பீரியடும் எடுத்துட்டு புரிஞ்சுதான்னு கேட்டேன், மூணு பேர் கட்டவிரலக் காட்டுனாங்க, மத்தவங்க கிட்ட இருந்து மூச்சு இல்ல. சரி புரிஞ்சிருக்கும்னு நினைச்சு டெஸ்ட் வச்சேன். நேரா மேல எறிஞ்ச பந்து உச்சிக்குப் போன அந்த நொடியில முடுக்கம் எவ்வளவுன்னு கேட்டா 29 பேர் பூஜ்யம்னு எழுதியிருக்காங்க. நேர்லயும் இந்தத் தப்பு வரும், ஆனா இவ்ளோ பேர் போட்டதில்ல. கேமராவக் கட்டாயம் ஆன் பண்ணுங்கன்னு சொல்லிடலாமா?

பின்பெஞ்ச்:
மிஸ் நான் ஸ்டூடன்ட்தான், தப்பா எடுத்துக்காதீங்க. கேமராவ ஆஃப் பண்றவங்க எல்லாம் தூங்கறவங்க இல்ல. நான் போன்லதான் கிளாஸ் பாக்கறேன், கேமரா ஆன் பண்ணா உங்க குரல் விட்டு விட்டு வரும், அதோட பின்னாடி வீட்ல எல்லாரும் நடந்துட்டு இருப்பாங்க. புரியுதான்னு கேட்டா ஏன் பேச மாட்டோம்னா, 42 பேர்ல நான் மட்டும் மைக் ஆன் பண்ணி புரியலன்னு சொன்னா என் பேரு பெருசா ஸ்கிரீன்ல வரும். கிளாஸ்லன்னா பக்கத்துல இருக்கறவன் கிட்ட மெதுவா கேட்டுக்குவோம். ஆன்லைன்ல பக்கத்துல யாருமே இல்ல மிஸ்.

நிலாமுற்றம்:
தம்பி சொன்ன கடைசி வரிதான் விஷயமே டீச்சர். நான் கெமிஸ்ட்ரி எடுக்கறேன், ஆரம்பத்துல உங்கள மாதிரியே தவிச்சேன். புரியுதாங்கற கேள்விய அடியோட விட்டுட்டேன், அதுக்குப் பதில் சொல்லணும்னா புரியலங்கறது முதல்ல அவங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே. உங்க பந்து கேள்விய டெஸ்டுக்குன்னு வைக்காம பாடத்துக்கு நடுவுலயே போடுங்க. எல்லாரும் சாட்ல விடைய டைப் பண்ணி வைங்க, நான் மூணு எண்ற வரைக்கும் அனுப்பாதீங்கன்னு சொல்லுங்க. ஒரே நேரத்துல 42 விடையும் வந்து விழும்போது யாரும் யாரையும் பாத்து எழுத முடியாது, தனியா மாட்டிக்கிட்டோம்னு யாருக்கும் தோணாது. நீங்க தேடுற 42 முகமும் அதுதான்.

இது நான் கண்டுபிடிச்சது இல்ல. ஹார்வர்டுல எரிக் மசூர்னு ஒரு பிசிக்ஸ் பேராசிரியர், அவர்கிட்ட படிச்சவங்க பெரிய கணக்கெல்லாம் போட்டாங்க, ஆனா சூத்திரமே இல்லாம சாதாரண வார்த்தையில விசை பத்திக் கேட்டா தடுமாறினாங்க. அதப் பாத்துட்டு 1991ல இருந்து அவர் கிளாஸ மாத்திட்டார். ஒரு கேள்வி, தனியா யோசிச்சு ஒரு ஓட்டு, அப்புறம் பக்கத்துல இருக்கறவங்க கிட்ட வாதாடிட்டு இன்னொரு ஓட்டு. முதல் ஓட்டுல பாதிப் பேர் சரி பாதிப் பேர் தப்புன்னு வந்தாதான் பேச்சு சூடு பிடிக்கும், ரொம்பக் கம்மிப் பேர் சரின்னா திரும்ப நடத்திடணும். இது நேர் கிளாஸுக்குன்னு வந்தது, ஆனா ஆன்லைனுக்கு இன்னும் அவசியம்னு எனக்குத் தோணுது.

சுண்ணாம்புத்தூள்:
ஒரு எச்சரிக்கை. அப்படிப் பேசிக்கறதுக்காக ஆன்லைன் கிளாஸ்லயே பசங்கள சின்னச் சின்னக் குழுவா தனித்தனி ரூமுக்குப் பிரிச்சு விட்டா அங்கயும் மயான அமைதியாத்தான் இருக்கும், நான் அனுபவிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் யார் யாரையோ சேத்து விட்டா பசங்க பேச மாட்டாங்க. மூணு மூணு பேரா பிரிச்சு ஒரு மாசத்துக்கு அதே குழுவ வச்சிருந்தேன், ஒவ்வொரு குழுவுக்கும் எல்லாரும் பாக்கற ஸ்லைடுல ஒரு பக்கம் குடுத்து அதுல எழுதச் சொன்னேன். ரெண்டாவது வாரத்துல இருந்துதான் சத்தம் வந்துச்சு.

அப்புறம் வீடியோவ வீட்ல பாத்துட்டு வாங்க, கிளாஸ்ல கணக்கு போடலாம்னு நிறைய பேர் சொல்றாங்க. நான் 40 நிமிஷ ரெக்கார்டிங்கப் போட்டேன், பாத்துட்டு வந்தவங்க எண்ணி அஞ்சு பேர். பசங்க மேல கோவப்பட்டேன், தப்பு என்மேலதான். எட்எக்ஸ்ங்கற ஆன்லைன் படிப்புத் தளத்தோட பாடங்கள்ல கிட்டத்தட்ட 69 லட்சம் வீடியோ பார்வைகள ஆராய்ஞ்சு 2014ல ஒரு கட்டுரை வந்துச்சு, 6 நிமிஷத்துக்குள்ள இருக்கற வீடியோவத்தான் ஒழுங்காப் பாக்கறாங்கன்னு அதுல இருக்கு. இப்ப ஒரு வீடியோவுக்கு ஒரே விஷயம், முடிவுல ஒரு கேள்வி, அந்த விடையோடதான் கிளாஸுக்குள்ள வரணும். முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பாதிக்கு மேல பாத்துட்டு வர்றாங்க.

நிலாமுற்றம்:
அந்த நடுநடுவுல கேள்விங்கறது ரொம்ப முக்கியம். ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006ல பண்ண சோதனையில, பாடத்த திரும்பத் திரும்பப் படிச்சவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல கேட்டா நல்லா வந்துச்சு, ஒரு வாரம் கழிச்சு கேட்டா, படிச்சத மூடி வச்சுட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தவங்கதான் முன்னாடி நின்னாங்க. ரெக்கார்டிங் இருக்குல்ல அப்புறம் பாத்துக்கலாம்னு பசங்க நினைக்கறதுல உள்ள ஆபத்தும் இதுதான், ரெண்டாம் தடவ பாக்கும்போது எல்லாமே தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும்.

பின்பெஞ்ச்:
உண்மைதான். டபுள் ஸ்பீடுல பாத்துட்டு எல்லாம் தெரியும்னு நினைச்சு எக்ஸாம்ல முழிச்சிருக்கேன்.

கரும்பலகை:
எல்லாருக்கும் நன்றி, இன்னிக்கு செஞ்சு பாத்தேன். அதே பந்து கேள்விய வேற மாதிரி மாத்தி, மூணு எண்ணி அனுப்பச் சொன்னேன். 42ல 17 பேர் சரி. விளக்காம மூணு மூணு பேரா அனுப்பிட்டேன், பாதி ரூம்ல யாரும் பேசலதான், ஆனா ஒரு ரூம்ல நான் நுழைஞ்சப்ப ஒரு பொண்ணு, முடுக்கம் பூஜ்யம்னா அந்தப் பந்து அங்கயே நின்னுடணுமே, ஏன் கீழ வருதுன்னு இன்னொரு பையனக் கேட்டுட்டு இருந்தா. ஏழெட்டு மாசமா அவ குரலயே நான் கேட்டதில்ல. நான் பேசாம வெளிய வந்துட்டேன். ரெண்டாவது ஓட்டுல 31 பேர் சரி.

கேமரா விஷயத்த விட்டுட்டேன் தம்பி. அடுத்து மேல போற லிஃப்ட்ல வெயிங் மெஷின் மேல நிக்கற ஆளோட எடை எவ்வளவு காட்டும்ங்கறத எடுக்கப்போறேன், லிஃப்ட் ஒரே வேகத்துல போகும்போதுன்னு கேட்டா நல்லா மாட்டுவாங்கன்னு நினைக்கறேன். இத விட நல்ல கேள்வி யார்கிட்டயாவது இருந்தா வியாழனுக்குள்ள போடுங்க.