மறு: யூக்கா அந்துப்பூச்சி – ‘மாக்சிலரி டென்டகிள்’ தமிழில்?

> ‘தாடை உணர்கொம்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா.

யூக்கா அந்துப்பூச்சியின் வாயோரம் இருக்கும் ‘மாக்சிலரி டென்டகிள்’ என்ற உறுப்புக்கு ‘உணர்கொம்பு’ வேண்டாம் என்றே தோன்றுகிறது. அந்தச் சொல்லை ‘ஆன்டெனா’வுக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். இந்தப் பூச்சியின் தலையில் அதுவும் இருக்கிறது. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

தவிர, இந்த உறுப்புக்குச் சுரண்டுவதும் பிடிப்பதும்தான் முக்கிய வேலை. யூக்கா அந்துப்பூச்சிகளில் ஒன்றான டெகெட்டிகுலா யுக்காசெல்லாவையே பாருங்கள். வட அமெரிக்கப் பூச்சி. இறக்கையை விரித்தால் ஓர் அங்குலம் தேறினால் அதிகம். வெள்ளை நிறம் என்பதால், பகலில் யூக்கா செடியின் வெள்ளைப் பூவுக்குள் உட்கார்ந்திருந்தால் கண்ணில் படாது. இரவில் பெண் பூச்சி மகரந்தப் பையின் மேல் ஏறி, வாயோரம் சுருண்டிருக்கும் இந்த இரண்டு நீட்சிகளால் பிசுபிசுப்பான தாதை (மகரந்தத்தை) சுரண்டி, உருண்டையாக்கித் தலைக்கடியில் இடுக்கிக்கொள்ளும். வேறொரு பூவுக்குப் பறந்துபோய், சூலகத்தைத் துளைத்து முட்டையிடும். அப்புறம் சூலகத் தண்டின் உச்சிக்கு ஏறி, உருண்டையிலிருந்து கொஞ்சம் கிள்ளிச் சூலக முடிக்குள் திணிக்கும். விதை பிடித்தால்தானே புழுவுக்குச் சாப்பாடு! புழுக்கள் சில விதைகளைத் தின்னும், மீதி செடிக்கு. (தாய்ப்பூச்சி ஒரு வாய்கூடத் தின்பதில்லை.) 1870-களில் மிசூரி மாநிலப் பூச்சியியலாளராக இருந்த சார்லஸ் ரைலி இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதினார்.

சுரண்டுவது, இடுக்குவது, கிள்ளுவது, திணிப்பது: எல்லாமே கை செய்கிற வேலை. எனவே என் பரிந்துரை ‘தாதுக்கை’.

முகத்தில் இருப்பதைக் கை என்பதா என்று கேட்பீர்கள். யானையின் துதிக்கை எங்கே இருக்கிறதாம்?

தாது என்றதும் இரும்புத்தாது, தாது உப்பு நினைவுக்கு வரும் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் பூவுக்கும் வண்டுக்கும் நடுவே அந்தச் சொல் நின்றால் யாரும் சுரங்கத்துக்குப் போய்விட மாட்டார்கள். சந்தேகமாக இருந்தால் முதல் இடத்தில் மட்டும் ‘பூந்தாதுக்கை’ என்று எழுதலாம். ‘மகரந்தக்கை’யும் தவறில்லை, வாயில் கொஞ்சம் நீளுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வசதியும் உண்டு. அதே யூக்காவில் வளரும் ப்ரொடாக்சஸ் பேரினத்துப் பூச்சிகளுக்கு இந்த உறுப்பு கிடையாது, அவை மகரந்தம் சுமப்பதும் இல்லை. ஆங்கிலத்தில் ‘போகஸ்’ (போலி) என்று அவற்றைத் திட்டி வைத்திருக்கிறார்கள். நாம் ‘தாதுக்கையிலி’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ‘தாடை உணர்கொம்பிலி’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்களேன்.