ஸ்பியர்மின்ட்டா பெப்பர்மின்ட்டா? லேபிள் அழிஞ்சுபோச்சு
ஸ்பியர்மின்ட், பெப்பர்மின்ட்னு ரெண்டு புதினா வகை, ரெண்டு தொட்டில ஒண்ணொண்ணா ஒரே நாள்ல குச்சி நட்டு மூணு மாசம் ஆச்சு, மழையில லேபிள் அழிஞ்சுபோய் இப்ப எது எதுன்னே தெரியல. பால்கனில இருக்கு, காலைல 4 மணி நேரம் வெயில்.

கசக்கி மோந்து பாத்தேன், முதல் தொட்டி மூக்குல ஜில்லுனு ஏறுது, மென்தால் வாசனை, அப்ப பெப்பர்மின்ட்தான்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா பெப்பர்மின்ட் இலைக்கு காம்பு தெளிவா தெரியணும், ஸ்பியர்மின்ட் இலைதான் தண்டோட ஒட்டியிருக்கும்ல, இதுல மேல் இலை ஒட்டியும் கீழ் இலை அரை சென்டிமீட்டர் காம்போடயும் நிக்குது. தண்டுல வெயில் படுற பக்கம் மட்டும் ஊதா. ரெண்டாவது தொட்டி இலை சுருக்கம் சுருக்கமா, வாசனை இனிப்பா. பூவை வச்சு பாக்கலாம்னா ரெண்டும் மொட்டே விடல. பெப்பர்மின்ட்டே ஸ்பியர்மின்ட்டும் வாட்டர்மின்ட்ங்கிற இன்னொரு புதினா வகையும் சேந்த கலப்புதானே, அதான் ஸ்பியர்மின்ட் ஜாடை அடிக்குதோ என்னவோ.

முதல் தொட்டிக்கு காம்பை நம்பவா, வாசனையை நம்பவா?