மதுரையிலிருந்து கம்பத்துக்கு இரண்டரை மணி நேரமா?

சுருளிப்பட்டிக்காரன்:
நேற்று இங்கே வைகைக்கரை எழுதியிருந்தது இது: "கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குச் சொந்த வண்டியே தேவையில்லை. ரயில் வந்துவிட்டது, பஸ் இருக்கிறது. மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் கம்பம்." படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. பதினெட்டு வருடமாகத் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு தடவையாவது மதுரைக்குப் போய்வருகிறேன். எந்தப் பஸ்ஸும் என்னை இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கியதில்லை. எந்தப் பஸ் அது? சொல்லுங்கள்.

வைகைக்கரை:
போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு நானே போனேன் அண்ணே. ஆரப்பாளையத்தில் ஏறினேன், கம்பத்தில் இறங்கினேன். இரண்டரை மணி நேரம். புறவழிச்சாலை வந்த பிறகும் பழைய பாட்டையே பாடினால் எப்படி?

சுருளிப்பட்டிக்காரன்:
ஒரே ஒரு நாள் விருந்தாளியாக வந்துவிட்டு எங்கள் ஊர்ப் போக்குவரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள்! புறவழிச்சாலையைப் பற்றி என்னிடமே சொல்கிறீர்களா? ஊருக்குள் வராமல் பஸ் அந்த வழியாகப் போனால் நடுவில் இறங்க வேண்டியவன் என்ன செய்வான்? போன ஐப்பசியில் இரவு ஒன்பது மணிக்கு என்னையும் என் மனைவியையும் ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மழை. ஒரு விளக்கு கிடையாது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்து வந்தோம். உங்கள் இரண்டரை மணி நேரத்தில் அந்த நடையும் சேர்த்தியா?

போடிமெட்டு:
பஸ்ஸைத் திட்டுங்கள், ரயிலைத் திட்டாதீர்கள். 1928இல் வந்த மதுரை-போடி பாதை அது. அகலப்பாதையாக்குவதாகச் சொல்லி 2010 கடைசியில் மூடினார்கள். 2022 மே மாதம் தேனி வரை, 2023 ஜூனில் போடி வரை திரும்ப வந்தது. அத்தனை வருடம் காத்திருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சுருளிப்பட்டிக்காரன்:
ரயிலின் அருமை எனக்கும் தெரியும் தம்பி. ஆனால் அது போடிக்குப் போகிறது. தேனியில் இறங்கி, நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து கம்பத்துக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர். அந்தப் பாசஞ்சர் காலையில் மதுரையிலிருந்து வருகிறது, மாலையில் மதுரைக்குத் திரும்புகிறது. காலையில் மதுரைக் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியவர்கள் நாங்கள். எங்களுக்கு அது நேர் எதிர்த்திசை. திண்டுக்கல்லிலிருந்து கம்பத்துக்கு அப்பாலுள்ள லோயர்கேம்ப்புக்கு ரயில் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எங்கள் அப்பா தலைமுறையே போய்விட்டது.

வைகைக்கரை:
ரயிலை விடுங்கள். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அதற்கு இன்னும் பதில் இல்லை.

சுருளிப்பட்டிக்காரன்:
பதில் இதோ. மூன்று வாரத்துக்கு முன் தங்கை வீட்டுக்கு ஒரு பெட்டி பன்னீர் திராட்சை எடுத்துப் போனேன். கம்பத்தில் வாங்கிய டிக்கெட்டில் நேரம் அச்சாகியிருக்கிறது, காலை 6.10. ஆரப்பாளையத்தில் இறங்கியபோது 9.35. பன்னீருக்குத் தோல் மெல்லியது. பெட்டியைக் காலடியில்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது அடிவரிசைக் கொத்தெல்லாம் உதிர்ந்து, சாறு என் செருப்பை நனைத்திருந்தது. டிக்கெட் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.

வைகைக்கரை:
அது கம்பத்திலிருந்து மதுரை. நான் சொன்னது மதுரையிலிருந்து கம்பம்.

சுருளிப்பட்டிக்காரன்:
திசை மாறினால் சாலை ஒரு மணி நேரம் சுருங்கிவிடுமா? இதற்குமேல் உங்களிடம் என்ன பேசுவது!

ஓடைப்பட்டி:
ஒரு விஷயம் கேட்க வேண்டும். 2023இல் கம்பம் பன்னீருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து பள்ளத்தாக்கில் வேறு யாரும் திராட்சையே போடவில்லை என்பதுபோலப் பேசுகிறீர்கள். விதையில்லாத் திராட்சை போடுகிற எங்கள் பக்கம் பஸ் எப்படி இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டீர்களா? உங்களுக்காவது கம்பம் கூப்பிடு தூரம்.

சுருளிப்பட்டிக்காரன்:
குறியீடு எங்கள் பழத்துக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது விதையை எதற்கு இழுக்கிறீர்கள்? போன வருடம் மருந்து விலை பற்றிய பேச்சிலும் இதையேதான் செய்தீர்கள், மறக்கவில்லை.

தேனி டீச்சர்:
நீங்கள் எல்லோரும் மதுரை, மதுரை என்றே பேசுகிறீர்கள். உங்கள் பந்தலில் பழம் வெட்ட வரும் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்று ஒருவராவது எழுதினீர்களா? 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல திட்டம்தான். ஆனால் அவர்கள் கிளம்பும் நேரத்துக்கு டவுன் பஸ்ஸே இல்லையே! விடியுமுன் சரக்கு வண்டியில் இருபது பேர், ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் முன்னால் நிற்பவளின் தோள். என் மாணவி ஒருத்தியின் அம்மா வளைவில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இதற்கு இரண்டரை மணி நேரம் என்றால் என்ன, மூன்றரை மணி நேரம் என்றால் என்ன?

சுருளிப்பட்டிக்காரன்:
டீச்சர், நீங்கள் சொல்வது வேறு விஷயம். என் தோட்டத்துக்கு வருபவர்களை நானே டிராக்டரில் கொண்டுவிடுகிறேன்.

தேனி டீச்சர்:
டிராக்டரில்தானே ஐயா? அதைத்தான் சொல்கிறேன்.

வைகைக்கரை:
1996 வரை நீங்களும் மதுரை மாவட்டம்தான். கலெக்டரைப் பார்க்க அப்போது வரவில்லையா? அப்போது இல்லாத குறை இப்போது எங்கிருந்து வந்தது?

சுருளிப்பட்டிக்காரன்:
வந்தோம். முதல் பஸ்ஸில் கிளம்பி, கடைசிப் பஸ்ஸில் திரும்பி, ஒரு நாள் கூலியைத் தொலைத்துவிட்டு வந்தோம். அதனால்தானே தனி மாவட்டம் கேட்டோம்! இன்றைக்கும் டிவிஎஸ் வண்டி இல்லாவிட்டால் எனக்குத் தோட்டமே இல்லை. மருந்து டிரம்மும் உரமூட்டையும் எந்தப் பஸ்ஸில் வரும்? நீங்கள் வந்த பஸ் எது, எத்தனை மணிக்குக் கிளம்பியது? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

வைகைக்கரை:
சாயங்காலப் பஸ். நேரம் நினைவில்லை. ஆனால் இரண்டரை மணி நேரம்தான்.

சுருளிப்பட்டிக்காரன்:
கிளம்பிய நேரம் நினைவில்லை, ஆன நேரம் மட்டும் நினைவிருக்கிறது! டிக்கெட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். நானும் என்னுடையதைப் போடுகிறேன்.