கதாநாயகிக்கு நெற்றி இல்லை: பழைய தொடரை முழுச்சட்டத்தில் பார்க்க என்ன வழி?

கீழக்கரை_கச்சான்:

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். நீளமான புலம்பல் இது. அவசரக்காரர்கள் நேரே கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

ஒரு மாத லீவில் துபாயிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறேன். வரும்போது உம்மாவுக்காக ஒரு பழைய குடும்பத் தொடரின் டிவிடி செட் வாங்கி வந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த தொடர். வாப்பா இருந்த காலத்தில் இருவரும் இஷா தொழுதுவிட்டு வந்து உட்காருவார்கள். அந்த அரை மணி நேரம் வீட்டில் பூனைகூடக் கத்தாது. செட்டின் அட்டையில் 'புதுப்பொலிவுடன், முழுத்திரையில்' என்று தங்க எழுத்து. நம்பிவிட்டேன்.

படம் ஓடி ஐந்து நிமிடம் இருக்கும். உம்மா கேட்டார்கள்: "ஏன் வாப்பா, இவளுக்கு நெத்தியே இல்ல?"

அப்புறம்தான் நானும் கவனித்தேன். 4:3 சட்டத்துக்கு (நாலு பங்கு அகலம், மூன்று பங்கு உயரம்) எடுத்த தொடர். இன்றைய 16:9 டிவியை நிரப்ப வேண்டும் என்று மேலேயும் கீழேயும் சீவிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உயரத்தில் கால்வாசி போயிருக்கிறது. மாமியார் பேசும்போது புருவத்துக்கு மேலே ஒன்றும் இல்லை, கொண்டையும் இல்லை, பூவும் இல்லை. ஒரு காட்சியில் மருமகள் மடியில் கடிதத்தை வைத்துப் படிக்கிறாள். இப்போது மடியும் இல்லை, கடிதமும் இல்லை. சும்மா குனிந்து குனிந்து அழுகிறாள். பாகம் முடியும்போது வரும் 'தொடரும்' என்ற எழுத்துக்குக்கூட இடுப்புக்குக் கீழே கிடையாது.

உம்மா சொன்னதுதான் சரியான விமரிசனம்: "நாம மீன் தலையவே எறியமாட்டோம், இவுக மனுஷி தலைய எறிஞ்சிருக்காக."

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. எண்பதுகளில் வாப்பா கொண்டுவந்த 14 அங்குல கலர் டிவி எங்கள் தெருவுக்கே பொது. ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினால் ரூபவாஹினி, இந்தப் பக்கம் திருப்பினால் கொடைக்கானல் வழியாகத் தூர்தர்ஷன். கச்சான் காற்று கம்பியை அசைக்கும்போதெல்லாம் எவனாவது மாடிக்கு ஓட வேண்டும், பெரும்பாலும் நான்தான். படம் வருமா வராதா என்பதுதான் அன்றைய கவலை. சட்டம் என்ன வடிவம் என்று யாரும் கேட்கவில்லை. வழக்கு தொடங்கியது டிவிடி வந்த பிறகு. மதுரையில் ஒரு ஸ்கோப் (அகலத்திரை) படத்தின் ஒரிஜினல் டிவிடி வாங்கி வந்து பெருமையாகப் போட்டேன். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. வாப்பா, "முழுக்காசு கொடுத்துப் பாதிப்படமா வாங்கிட்டு வந்தே?" என்றார். அதுதான் முழுப்படம் என்று விளக்கினேன். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கு டிவி சதுரம், படம் அகலம். இன்றைக்கு டிவி அகலம், படம் சதுரம். வெட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

என் கேள்விகள்: வெட்டியது டிஸ்கிலேயேவா, என் டிவி செய்யும் வேலையா, எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தத் தொடரை வெட்டாமல், அகல டிவி நிறையும்படி புதிதாக எடுத்துப் போட வழியிருக்கிறதா? பீரோவில் இதன் பழைய விசிடிகள் கொஞ்சம் கிடக்கின்றன. தங்க எழுத்து டிவிடியைவிட அவை தேவலையா?

மண்டபம்_சிடிக்கடை:

பாய், பன்னிரண்டு வருஷம் டிஸ்க் விற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், உங்கள் வாப்பா மாதிரி ஆட்கள் எனக்குத் தினம் பத்துப் பேர். "டிஸ்க் டேமேஜ், மேலயும் கீழயும் படம் வரல" என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். கடைசியில் கவர் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் 'ஃபுல்' என்றும் 'பட்டை' என்றும் எழுதி வைத்தேன். பட்டை தூங்கும், ஃபுல் ஓடும். அந்த ஃபுல்லில் ஸ்கோப் படத்தின் அகலத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இரண்டு மூக்கு மட்டும் தெரியும். அதைப் பற்றி ஒருவரும் புகார் சொன்னதில்லை.

முதலில் சோதனை. ரிமோட்டில் படத்தின் வடிவத்தை மாற்றும் பொத்தான் இருக்கும். அதில் 4:3 வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு வந்து, நெற்றியும் திரும்பி வந்து, முகம் இயல்பாக இருந்தால் குற்றம் டிவியுடையது. கறுப்பு வந்தும் நெற்றி வராமல், ஆட்கள் பனைமரம் மாதிரி ஒல்லியாக நீண்டால் டிஸ்கிலேயே வெட்டிவிட்டார்கள் என்று பொருள். நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. 4:3 வைப்பதற்கு முன்பே ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் அது வேறு கோளாறு, வெட்டவில்லை, இழுத்திருக்கிறார்கள்.

விசிடி பற்றி. நம் ஊர் டிவிடியில் படம் மேலிருந்து கீழாக 576 கோடு, விசிடியில் 288 தான். ஆனால் உங்கள் புது டிவிடியில் கால்வாசி வெட்டிய பிறகு மிஞ்சியது 432 கோடு, அதை 576 ஆக ஊதியிருக்கிறார்கள். புதுப்பொலிவு என்பது அந்த ஊதல்தான். விசிடி கலங்கலாக இருக்கும், ஆனால் தலையோடு இருக்கும். உப்புக்காற்றில் பூச்சு உரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஊடுருவினால் அது போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பும் ஸூம் பொத்தானை ஒரேயடியாகத் திட்டாதீர்கள். மதுரையில் வாங்கினீர்களே ஸ்கோப் டிவிடி, அது 4:3 சட்டத்துக்குள்ளேயே பட்டையைப் பதித்த ரகமாக இருந்தால் இன்றைய டிவியில் நாலு பக்கமும் கறுப்பு வரும். திரையில் பாதிகூடப் படம் இருக்காது. அதற்கு ஸூம்தான் சரி, வெறும் கறுப்பைத்தான் வெட்டும். வசன எழுத்து கீழ்ப்பட்டையில் இருந்தால் மட்டும் அதுவும் சேர்ந்து போகும்.

தங்கச்சிமடம்_டீச்சர்:

மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டுமே. என் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. முகம் பெரிதாகத் தெரிந்தால்தான் யார் பேசுகிறார்கள் என்று புரிகிறது. நானே ஸூமில்தான் வைத்துக் கொடுக்கிறேன். தம்பி, உங்கள் வாப்பா சொன்னதிலும் நியாயம் உண்டு. 14 அங்குல டிவியில் ஸ்கோப் படத்தைப் பட்டையோடு போட்டால் படத்தின் உயரம் ஐந்து அங்குலம்கூட வராது. முற்றத்தில் இருபது பேர் உட்கார்ந்து பார்த்தால் பின்வரிசைக்குத் தீப்பெட்டி மாதிரிதான் தெரியும். ராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு டிவி கோபுரம் கட்டினார்கள். எங்கள் வீட்டு டிவி அப்போதும் 14 அங்குலம்தான்.

ஆனால் ஒன்று. ஸூம் என் கையில் இருக்க வேண்டும். வேண்டும்போது போடுவேன், வேண்டாதபோது எடுப்பேன். விற்கிறவனே வெட்டிக் கொடுத்தால் எடுக்கிற வழி எங்கே? பள்ளி ஆண்டுவிழாவுக்காக ஒரு பழைய பரதநாட்டியப் பதிவு வாங்கினோம். அகலத்திரையாம். அரைமண்டியில் உட்கார்ந்தால் பாதம் காணோம். பாதம் தெரியாத பரதத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

தேவிபட்டினம்_85:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வழி குறைவு. அமெரிக்கத் தொடர்கள் பலவற்றை 35 எம்.எம். பிலிமில் எடுத்தார்கள். நெகட்டிவைத் திரும்ப ஸ்கேன் செய்தால் சிலவற்றில் பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதல் படம் கிடைக்கும். நம் தொடர்கள் பெரும்பாலும் வீடியோ டேப். 4:3 தான் இருப்பதே, பக்கத்தில் ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. அகலமாக்கினால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

அங்கேயும் இதே கூத்து நடந்தது. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது 'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனின் பழைய பாகங்களை 16:9க்கு வெட்டித்தான் போட்டார்கள். ஒரு காட்சியில் மூன்று வகை பீர் என்று மூன்று தொட்டி நிற்கும்; மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாய். அதுதான் சிரிப்பு. மேல்பக்கம் போனதும் குழாயும் போய்விட்டது. ரசிகர்கள் விடாமல் சத்தம் போட்டதில் 2020 மே மாதம் 4:3யிலும் பார்க்கலாம் என்று வசதி கொடுத்தார்கள்.

நம் மாமியார் தொடருக்கு யார் சத்தம் போடுவது? நாம் நாலு பேர்தான் இருக்கிறோம்.

பழைய_ஆபரேட்டர்:

தம்பி, ராமநாதபுரம் பக்கத்துக் கொட்டகைகளில் கார்பன் எரித்துப் படம் ஓட்டினவன் நான். 1973இல் 'ராஜராஜ சோழன்' வந்தது, தமிழில் முதல் ஸ்கோப் படம். ஸ்கோப் பிலிமைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஆட்கள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார்கள். பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பதிந்திருக்கும், ஸ்கோப் லென்ஸ் அதை விரித்துக் கொடுக்கும். லென்ஸை மாற்ற மறந்தால் போச்சு. பெஞ்சிலிருந்து வரும் வசவில் என் வம்சமே கரையேறிவிடும்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அப்போதெல்லாம் மெயின் படத்துக்கு முன்னால் அரசாங்க நியூஸ் ரீல் கட்டாயம் போடணும். அது சதுரப் படம். ஸ்கோப் திரை வைத்த கொட்டகையில் அதற்கு இரண்டு பக்கமும் கறுப்புத் துணியை உள்ளே இழுத்து வைப்போம். நியூஸ் முடிந்ததும் லென்ஸை மாற்றித் துணியை விலக்குவோம். திரை விரியும், விசில் பறக்கும். நியூஸைப் பெரிதாக இழுத்துக் காட்டு என்று ஒருத்தன் கேட்டதில்லை. நேருவுக்குத் தொப்பியை வெட்டியா காட்ட முடியும்? உங்கள் அம்மாவிடம் அந்தத் துணியைச் சொல்லிப் பாருங்கள்.

கீழக்கரை_கச்சான்:

எல்லோருக்கும் நன்றி. ஆபரேட்டர் ஐயாவுக்கு இரண்டு நன்றி.

சோதனை செய்தேன். 4:3 வைத்ததும் மாமியார் பனைமரம் ஆனார். ஆக டிஸ்க்தான், டிவி நிரபராதி. செட்டை மூட்டைகட்டிப் பரணில் போட்டாயிற்று. வெளியிட்ட நிறுவனத்துக்கு ஒரு மெயிலும் அனுப்பியிருக்கிறேன், பதில் வரும் என்ற நம்பிக்கையில் இல்லை.

விசிடிகள் மொத்தம் இருபத்திரண்டு. ஏழில் வெளிச்சம் பொத்துக்கொண்டு வருகிறது. மீதி பதினைந்து ஓடுகின்றன. கலங்கல்தான், மாமியாரின் புடவைக் கரை கம்பளிப்பூச்சி மாதிரி நெளிகிறது. ஆனால் நெற்றி இருக்கிறது, கொண்டை இருக்கிறது, கடிதம் மடியில் இருக்கிறது. அது மருமகளின் வாப்பா எழுதிய கடிதம் என்று உம்மா எனக்கு விளக்கினார்கள். கையெழுத்தைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

டீச்சரம்மா, நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 14 அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் என்ற கணக்கை அன்றைக்கே நான் போட்டிருந்தால் வாப்பாவோடு அவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டேன்.

பக்கக் கறுப்பு உம்மாவுக்கு இன்னும் உறுத்தல்தான். "இவ்வளவு பெரிய டிவில நடுவுல மட்டும் எதுக்கு ஓடுது?" என்றார்கள். ஐயா சொன்னபடி, "நியூஸ் ரீல் ஓடும்போது ரெண்டு பக்கமும் துணி இழுத்திருப்பாங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். நன்றாக ஞாபகம் இருந்தது. சின்ன வயதில் ராமநாதபுரத்தில் மாமியோடு போய்ப் பார்த்தார்களாம். தலையை ஆட்டிக்கொண்டு, தொதல் இனிப்புத் தட்டை மடியில் வைத்து, இரண்டு பாகம் அமைதியாகப் பார்த்தார்கள்.

மூன்றாவது பாகம் போடும்போது கேட்டார்கள்: "சரி, துணிய எப்ப விலக்குவாக?"

ஐயா, நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.